நான் பரிசு பெற்ற பேச்சும் புளோரிடாவின் பிரிமியமும்

(இளநிலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)



முதலாண்டில் நம் வணிகவியல் மன்றம் நடத்திய பேச்சுப் போட்டியில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. பரிசு, ஓர் எவர்சில்வர் தட்டு. அதில்தான் என் அம்மா இன்றைக்கும் வடகம் காய வைக்கிறார். அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அதைப் பெற்றுத் தந்த பேச்சில் சரிபாதியையேனும் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு இந்த ஆண்டு மலரைவிடத் தக்க இடம் வேறில்லை என்று கருதி எழுதுகிறேன்.

போட்டியின் தலைப்பு, 'காப்பீடு: சேவையா, சுரண்டலா?' என்பது. சுரண்டலே என்று நான் முழங்கினேன். என் கையில் வலுவான சான்று ஒன்றும் இருந்தது. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரத்தையொட்டி வீடு வாங்கிக் குடியிருக்கிறார். 2023-ஆம் ஆண்டில் அவருடைய காப்பீட்டுக் கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. வீட்டின் கூரைக்கு வயது பதினேழு ஆகிவிட்டதால் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது என்பதே அதன் சாரம். இத்தனைக்கும் அண்ணன் ஒரு தவணை தவறியவர் அல்லர். ஒரு டாலர் நஷ்ட ஈடு கேட்டவரும் அல்லர். வேறு கம்பெனிகளை நாடினார். ஒன்று முகங்கொடுக்கவில்லை; மற்றொன்று ஏறக்குறைய மூன்று மடங்கு பிரிமியம் கேட்டது. இதனைத் தொலைபேசியில் கேட்ட சூட்டோடு மேடையேறிய நான், 'காற்றை விலை பேசி விற்பவர்கள், காற்று வீசும் நாளில் கடையைச் சாத்திவிடுகிறார்கள்!' என்றேன். அரங்கம் அதிர்ந்தது. நடுவர்களும் மயங்கினார்கள்.

பரிசு வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, எங்களுக்குக் காப்பீட்டியல் நடத்தும் ஐயா தோளில் கைவைத்து மெல்லக் கேட்டார்: 'தம்பி, பிரிமியத்தைக் குறைத்துவிட்டால் புயல் குறைந்துவிடுமா? குறையாதென்றால் அந்த நஷ்டத்தை யார் தலையில் வைப்பாய்?'

அன்று என்னிடம் விடை இல்லை. நூலகத்திலும், விடுதியில் இரவு நேரங்களில் கைப்பேசியிலும் தேடித் தேடிப் படித்த பிறகுதான், என்னுடைய பேச்சு எவ்வளவு ஒருதலைப்பட்சமானது என்று விளங்கியது.

கதை 1992-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாளிலிருந்து தொடங்குகிறது. அன்று அதிகாலை 'ஆண்ட்ரூ' என்னும் ஹரிக்கேன் மயாமி நகருக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறியது. ஹரிக்கேன் என்றால் ஏதோ வேற்றுலகப் பொருள் என்று எண்ண வேண்டா. நம் வங்கக் கடலின் கடும்புயலுக்கு அட்லாண்டிக் கரையில் வழங்கும் பெயரே அது. காற்றின் வேகத்தைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். ஆண்ட்ரூ ஐந்தாம் வகை. காப்பீட்டுக் கம்பெனிகள் கொடுக்க நேர்ந்த தொகை மட்டும் சுமார் 1,550 கோடி டாலர். பதினொரு கம்பெனிகள் திவாலாயின. கரேன் கிளார்க் என்னும் அம்மையார், புயலின் போக்கையும் வீடுகளின் கணக்கையும் கணினியில் சேர்த்துக் கணிக்கும் முறையை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்தார். நஷ்டம் 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று அவருடைய நிறுவனம் ஆண்ட்ரூ கரையேறிய வேளையில் அறிவித்தபோது, காப்பீட்டுத் தொழிலில் ஊறிய பெரியவர்களே நம்பவில்லையாம். அதுநாள் வரை அவர்கள் பழைய நஷ்டக் கணக்கைப் பார்த்தே புதிய பிரிமியத்தை நிர்ணயித்து வந்தார்கள். இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளில் கடற்கரையெங்கும் லட்சக்கணக்கான வீடுகள் முளைத்துவிட்டன என்பதைப் பழைய பேரேடு எப்படிச் சொல்லும்? 1990-இல் புளோரிடாவின் மக்கள் தொகை சுமார் 1 கோடியே 29 லட்சம். 2020-இல் அது 2 கோடியே 15 லட்சம். புயல் அதே பாதையில் அதே வேகத்தில் வந்தாலும், இடிக்க வேண்டிய வீடுகள் அதற்குக் கூடிக்கொண்டே போகின்றன. கடல் வெப்பமடைவதால் கடும்புயல்களின் பங்கும் மழையின் அளவும் கூடுவதாக அறிவியலார் கூறுகின்றனர். ஆயினும் பிரிமியம் ஏறுவதற்கெல்லாம் வானிலையே காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கரையில் வீடுகள் பெருகியதும், மரத்துக்கும் தச்சனுக்கும் கூலி ஏறியதும் அதற்குச் சளைத்தவையல்ல.

இங்கே காப்பீட்டின் அடிப்படையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தீ விபத்து என்பது ஆயிரம் வீட்டில் ஒரு வீட்டுக்கு நேர்வது. மற்ற 999 பேர் கட்டிய பணத்தில் அந்த ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். புயல் அப்படியன்று. அது வரும் நாளில் ஆயிரம் வீட்டின் கூரையும் ஒன்றாகப் பறக்கிறது. நம் தெருவில் சீட்டுப் பிடிக்கும் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருவர் சீட்டை எடுத்தால் அவர் திறமையாகச் சமாளிப்பார். இருபது பேரும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? வேறு ஊரில் சீட்டுப் பிடிப்பவரிடம் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தால்தான் பிழைப்பார். அந்த ஏற்பாட்டுக்கு மறுகாப்பீடு என்று பெயர். புளோரிடாவின் காற்றுக்கான மறுகாப்பீட்டை ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெர்முடாத் தீவிலும் உள்ள பெருநிறுவனங்கள் ஏற்கின்றன. பெர்முடாவில் அத்தகைய கம்பெனிகள் பல தோன்றியதே ஆண்ட்ரூவுக்குப் பின்னர்தான். புயல் பருவம் தொடங்கும் ஜூன் முதல் தேதியையொட்டி அந்த மாநிலத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் தம் மறுகாப்பீட்டைப் புதுப்பிக்கின்றன. அங்கே ஏறும் விலை, சில மாதங்களில் என் அண்ணனைப் போன்றவர்களின் வீட்டு வாசலுக்குக் கடிதமாக வந்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 28-ஆம் நாள் 'இயன்' என்னும் புயல் போர்ட் மயர்ஸ் பகுதியைச் சூறையாடியது. காப்பீடு செய்யப்பட்ட சொத்துகளின் நஷ்டம் மட்டுமே 5,000 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஜனவரியில் மறுகாப்பீட்டு விலை உலகெங்கும் எகிறியது. டாம்பா நகரில் அப்போது பெருஞ்சேதம் இல்லை. ஆனாலும் அண்ணனுக்கு ஏன் அந்தக் கடிதம் என்று கேட்டேனே, அதற்கு ஒரு விடை இதுவே.

ஆகவே, பிரிமியம் ஏறியதாலேயே அது சுரண்டல் என்று நான் மேடையில் சொன்னது தவறு. விலை ஒரு செய்தியையும் தாங்கி வருகிறது. 'நீ குடியிருக்கும் இடத்தில், நீ கட்டியிருக்கும் விதத்தில், இவ்வளவு ஆபத்து இருக்கிறது' என்பதே அச்செய்தி. கொண்டுவந்தவனை அடித்துவிட்டால் செய்தி பொய்யாகிவிடாது.

இதை நன்கு விளக்கும் நிகழ்ச்சியைப் புளோரிடா அரசே நடத்திக் காட்டியிருக்கிறது. ஆண்ட்ரூவுக்குப் பின் 1993-இல் அம்மாநிலம் புயல் பேரிடர் நிதி ஒன்றை ஏற்படுத்தியது. தனியார் கைவிட்டவர்களுக்காக அரசு ஏற்படுத்திய அமைப்புகள் இணைந்து 2002-இல் 'சிட்டிசன்ஸ்' என்னும் நிறுவனம் உருவாயிற்று. எங்கும் பாலிசி கிடைக்காதவனுக்குக் கடைசிப் புகலிடம் என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். 2004-இல் சார்லி, பிரான்சிஸ், இவான், ஜீன் என்று நான்கு புயல்கள் ஒரே பருவத்தில் புளோரிடாவைத் தாக்கின, மறுவருடம் வில்மா. சிட்டிசன்ஸின் கஜானா காலியாயிற்று. மக்கள் கொதித்தார்கள். 2007 ஜனவரியில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, சிட்டிசன்ஸின் பிரிமியத்தை ஏற்றாமல் நிறுத்தி வைத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் அந்தச் சட்டமன்றத்தில் இருந்திருந்தால் மேசையைத் தட்டி வரவேற்றிருப்பேன்.

ஆனால் ஐயா கேட்ட கேள்வி அங்கேயும் வந்து நின்றது: குறையாத நஷ்டம் யார் தலையில்? சிட்டிசன்ஸுக்கு ஏற்பட்ட பற்றாக்குறையை ஈடுகட்ட, அந்த மாநிலத்தில் சொத்துக் காப்பீடு வைத்திருப்பவர்கள் மீது மட்டுமல்ல, மோட்டார் கார் காப்பீடு வைத்திருப்பவர்கள் மீதும் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டுப் புயல்களுக்கான அந்தக் கட்டணம் 2015 வரை வசூலிக்கப்பட்டது. நண்பர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கடலிலிருந்து வெகுதூரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பழைய கார் ஒன்றில் ஓட்டல் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண், கடற்கரையில் கோடை மாளிகை வைத்திருக்கும் ஒருவரின் கூரைக்கும் சேர்த்துப் பல ஆண்டுக் காலம் பணம் கட்டியிருக்கிறார். கட்டுகிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. பிரிமியத்தை அடக்கி வைத்தால் ஏழைக்கு நன்மை என்று நினைத்தேன். அடக்கி வைத்த பிரிமியத்தால் அதிக ஆதாயம் அடைகிறவன், அதிக விலையுள்ள வீட்டை அதிக ஆபத்தான இடத்தில் வைத்திருப்பவன் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

தனியார் கம்பெனிகள் பல நொடித்தும் ஒதுங்கியும் போனதால் 2023-இல் சிட்டிசன்ஸின் பாலிசிகள் 14 லட்சத்தைத் தாண்டின. கடைசிப் புகலிடம் மாநிலத்தின் மிகப் பெரிய கடையாகிவிட்டது. அதன் பிறகு பாலிசிகளைத் தனியாரிடம் மாற்றிவிட்டு எண்ணிக்கையைக் குறைத்து வருகிறார்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்னும் வரம்பையும் படிப்படியாகத் தளர்த்தியிருக்கிறார்கள்.

வெள்ளத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசி காற்றுக்குப் பொறுப்பேற்கும். தரையில் ஏறிவரும் நீருக்குப் பொறுப்பேற்காது. அதற்கென்று 1968-இல் மத்திய அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. காற்றுக்கு ஒரு பத்திரம், நீருக்கு வேறொரு பத்திரம்! ஆனால் புயல் இரண்டையும் ஒன்றாகவே கொண்டு வருகிறது. 2005-இல் கத்ரீனா புயலின்போது மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளமும் வாசற்படியும் மட்டும் மிஞ்சின. 'நீர் அடித்துச் சென்றது, எங்களுக்குப் பொறுப்பில்லை' என்றன கம்பெனிகள். 'நீர் வருமுன் காற்றே பிய்த்துவிட்டது' என்றனர் வீட்டுக்காரர்கள். வெறும் படிக்கட்டு எந்தப் பக்கம் சாட்சி சொல்லும்? அப்போது அமெரிக்க செனட்டில் செல்வாக்கோடு விளங்கிய டிரெண்ட் லாட் அவர்களின் பாஸ்ககூலா வீடும் அப்படித்தான் போயிற்று. அவரே தம் காப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர வேண்டி வந்தது. செனட்டருக்கே அந்த நிலை என்றால் மீனவனுக்கு எந்த நிலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்த வெள்ளக் காப்பீட்டுத் திட்டமும் பல்லாண்டுகள் உண்மை விலையைச் சொல்லாமல் நடந்ததுதான். கத்ரீனாவுக்குப் பின் கடனில் மூழ்கியது. 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் 2,000 கோடி டாலருக்கு மேல் நிலுவை நின்றது. 2021 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வீட்டின் ஆபத்தையும் தனித்தனியே கணித்து விலை வைக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. ஐம்பதாண்டு சொல்லாமல் வைத்த உண்மையை இப்போது தவணை முறையில் சொல்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் நான் கம்பெனிகளின் வக்கீலாக மாறிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டா. என் பேச்சில் பாதியைத்தான் திரும்பப் பெறுகிறேன் என்று முதலிலேயே சொன்னேன். ஏறிய பிரிமியத்தில் ஒவ்வொரு டாலரும் காற்றின் விலையன்று. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் எழுந்த வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் நூற்றுக்கு 8 தான் புளோரிடாவைச் சேர்ந்தவை. ஆனால் அவை பற்றிய வழக்குகளிலோ நூற்றுக்கு 76 அங்கேதான் நடந்தன! கூரை போடும் ஒப்பந்தக்காரர் வீடு வீடாகச் சென்று, 'உங்கள் கோரிக்கையை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்து வாங்கி வழக்குப் போடும் வழக்கம் பெருகியிருந்தது. 2022 டிசம்பரில் சட்டம் திருத்தி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதனால் கம்பெனிகளுக்கு நிம்மதி. ஆனால் நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்ட எளியவனுக்கு வக்கீல் கிடைப்பதும் அரிதாயிற்று. மறுபுறம், நஷ்டம் நஷ்டம் என்று புலம்பிய கம்பெனிகள் சில, தம்முடைய கிளை நிறுவனங்களுக்குக் கட்டணம் என்ற பெயரில் பெருந்தொகைகளை மாற்றியிருந்ததை, அம்மாநிலக் கண்காணிப்புத் துறைக்காகத் தயாரிக்கப்பட்ட ஓர் ஆய்வு குறிப்பிட்டது. அந்த ஆய்வு 2025-இல்தான் ஒரு செய்தித்தாளின் முயற்சியால் மக்கள் கண்ணுக்கு வந்தது. தம்பி கடை நஷ்டம், அண்ணன் கடை லாபம், கல்லாப்பெட்டி மட்டும் ஒன்று என்னும் கணக்கு நம் ஊர்க் கடைத்தெருவுக்குப் புதிதன்று. விலை உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வாதிடுகிறவன், விலை வைப்பவனின் கணக்குப் புத்தகமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டே ஆக வேண்டும்.

கணக்கிலிருந்து மனிதருக்கு வருகிறேன். உண்மை விலை நியாயமானதாக இருக்கலாம். அது வந்து விழும் இடம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. லூசியானா மாநிலத்தை 2020-இல் லாராவும் டெல்டாவும் சீட்டாவும், 2021 ஆகஸ்ட் 29-இல் ஐடாவும் அடுத்தடுத்துத் தாக்கின. பன்னிரண்டு கம்பெனிகள் மூழ்கின. அங்கேயும் கடைசிப் புகலிடமாக ஓர் அரசு நிறுவனம் உண்டு. சந்தை விலையைவிட அதிகமாகவே அது வாங்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். 2023-இல் அது தன் பிரிமியத்தைச் சராசரி 63 விழுக்காடு உயர்த்தியது. வீட்டுக் கடன் முப்பது ஆண்டுக்கு. காப்பீட்டுப் பத்திரமோ ஓராண்டுக்கு. கடன் உள்ளவன் காப்பீட்டை விட முடியாது. விட்டால் வங்கி தானே ஒரு பாலிசியை எடுத்து அதன் செலவைக் கடனில் ஏற்றிவிடும். கடன் அடைத்து முடித்த முதியவர்களோ, பென்ஷன் போதாமல், காப்பீட்டை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பாலிசி உள்ளவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. ஹரிக்கேன் சேதத்துக்கு வீட்டு மதிப்பில் இத்தனை விழுக்காடு வரை சொந்தப் பொறுப்பு என்று பத்திரத்தில் இருக்கும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 5 விழுக்காடு என்றால் முதல் 20,000 டாலர் வீட்டுக்காரர் கையிலிருந்துதான். கூரைச் சேதம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஆகவே, 'விலை உண்மையைச் சொல்லட்டும், தாங்காதவன் ஊரைக் காலி செய்யட்டும்' என்று சொல்லும் பொருளாதார வல்லுநர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கடற்கரை மாளிகைக்காரர் விற்றுவிட்டு வேறிடம் போவார். நான்கு தலைமுறையாக இறால் பிடிப்பவர் எங்கே போவார்? அவருடைய வீட்டை யார் வாங்குவார்? காப்பீடு கிடைக்காத வீட்டுக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாத வீட்டுக்கு வாங்குவோர் இல்லை.

என் கருத்து இதுதான். உதவியைப் பிரிமியத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. விலையை உள்ளபடி எழுதி, 'இதில் அரசு தரும் பங்கு இவ்வளவு' என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். வருமானம் பார்த்து, குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பணத்தில் பெரும்பங்கு பிரிமியத்துக்குப் போகாமல் கூரைக்குப் போக வேண்டும்.

கூரை என்று சொன்னது அலங்காரத்துக்கன்று. அந்நாட்டு வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் பலகைகளை அடித்து, அதன்மேல் தார் பூசிய ஓடுகளைப் பரப்புகிறார்கள். ஓடு பறந்ததும் பலகைகளின் இடுக்கு வழியே மழை இறங்கி, சுவர், மின்கம்பி, படுக்கை எல்லாவற்றையும் நாசமாக்கும். ஆண்ட்ரூவுக்குப் பின் சோதித்தபோது பல வீடுகளின் கூரைப் பலகைகள் ஒழுங்காக ஆணியடிக்கப்படவே இல்லை என்பது தெரியவந்தது. வழுவழுப்பான ஆணிக்குப் பதிலாக வளையம் வளையமாகப் பள்ளமிட்ட ஆணியை நெருக்கமாக அடிப்பது, பலகை இடுக்குகளின் மேல் நீர் புகாத பட்டையை ஒட்டுவது, கூரை விளிம்பை இறுக்கிப் பிடிப்பது என்று மிக எளிய வேலைகள் சில உண்டு. அலபாமா மாநிலம் இப்படிக் கூரையை மாற்றுவோருக்கு வீட்டுக்கு 10,000 டாலர் வரை மானியம் தருகிறது. அத்தகைய வீடுகளுக்குக் காற்றுக்கான பிரிமியத்தில் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் சாலி புயல் அம்மாநிலக் கரையைத் தாக்கியபோது, இம்முறையில் கட்டிய வீடுகளிலிருந்து வந்த நஷ்டக் கோரிக்கைகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே இருந்தன. லூசியானாவும் 2023-இல் இதே வழிக்கு வந்தது. பிரிமியத்துக்குக் கொடுத்த மானியம் ஆண்டு முடிந்ததும் கரைந்துவிடுகிறது. ஆணிக்குக் கொடுத்த மானியமோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஐயா கேட்டாரே, பிரிமியத்தைக் குறைத்தால் புயல் குறையுமா என்று? புயல் குறையாது, நஷ்டம் குறையும், கூரையில் கைவைத்தால்.

அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறவனுக்கு நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது எனக்கு ஆறு வயது. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று வீடு தள்ளி முந்திரித் தோப்பில் கிடந்தது, தோப்பும் கிடந்தது. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் காப்பீடு கிடையாது. ஆகவே எங்களுக்குப் பிரிமியம் ஏறும் கவலையும் கிடையாது! பயிருக்கு மட்டும் நம் நாட்டில் 2016 முதல் நடக்கும் திட்டத்தில், காரிப் உணவுப் பயிருக்கு உழவர் 2 விழுக்காடு கட்டுவதும் மீதிப் பிரிமியத்தில் அரசுகள் பங்கேற்பதும் உண்டு. அதில் குறை ஆயிரம் சொல்லலாம். என் மாமாவைக் கேட்டால் ஆயிரத்தொன்று சொல்வார். ஆயினும் முழு விலை எவ்வளவு, அதில் மானியம் எவ்வளவு என்று தனித்தனியே தெரிகிறதே, அந்த ஒழுங்கு புளோரிடாவின் கார் பாலிசியில் ஒளிந்திருந்த கட்டணத்தைவிட நேர்மையானது என்பேன்.

இதைப் படிக்கும் நண்பர்கள், அண்ணன் கதை என்னாயிற்று என்று கேட்கலாம். 2024-இன் கோடையில் கடன் வாங்கிக் கூரையை மாற்றினார். ஓடு பரப்புவதற்கு முன்பு ஒருவர் வந்து, ஒவ்வோர் ஆணிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து படம் எடுத்துக்கொண்டு போனாராம். அதன் பயனாக ஒரு கம்பெனி பாலிசி தந்தது. பிரிமியம் பழையதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அன்று. அந்த அக்டோபர் 9-ஆம் நாள் இரவு மில்டன் புயல் சியெஸ்டா கீ அருகே கரையேறி, டாம்பா வட்டாரத்தில் பேய்மழை பெய்தது. கூரை ஓர் ஓடுகூட நகராமல் நின்றது. ஆனால் தெருவில் நிறைந்த தண்ணீர் வாசல் வழியே கூடத்துக்குள் வந்து முழங்கால் அளவு நின்றது. அவர் இருக்கும் பகுதி வெள்ள அபாயப் பட்டியலில் இல்லையென்பதால் வெள்ளப் பத்திரம் எடுத்திருக்கவில்லை. சென்ற ஆண்டு எடுத்துவிட்டார். எடுத்த நாளிலிருந்து முப்பது நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகுமாம். அந்த முப்பது நாளும் தினமும் காலையில் எனக்கு அங்கிருந்து வானிலைப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.